விற்பனைக்கு இல்லாத பாட்டில்

பியூலா ஜெப்தா இருபத்தொன்பது வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவள். தீப்பிடித்த கடை, திருடுபோன கார், மாடிப்படியில் வழுக்கி ஒடிந்த கால் என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களில் யார் சொல்வது நிஜம், யார் சொல்வது புளுகு என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் புத்தி அவளை விட்டுப் போகவில்லை. எங்கள் வைன்பெர்க் தெருவில் யார் வீட்டிலாவது புது சோபா வந்து இறங்கினால் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "இதுக்குக் காசு எங்கேருந்து வந்திச்சு?" என்று முணுமுணுப்பாள். தேவாலயத்தில் யாராவது ரொம்ப உருகி ஜெபம் பண்ணினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள்.

அவளுக்கு ஒரே மகன், டெனோவன். பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்த கையோடு அவன் சொன்னான்.

"மம்மி, கார்லியனோட அப்பா உங்களைப் பாக்கணுங்கிறார். மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு கேக்கறார்."

டெனோவன் காதலிக்கும் கார்லியனை பியூலாவுக்குப் பிடிக்கும். அவளிடம் சந்தேகப்பட ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் குறை. ஆனால் அவள் அப்பா கிடியோன் ஸ்லாபர்ட் வேறு விஷயம். பார்ல் மலைச்சரிவில் ஐந்து தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வெள்ளைக்காரர். கிளிப்ஃபால்க் என்று அவர் தோட்டத்துச் சிவப்பு ஒயினுக்குப் பெயர். லேபிளில் பாறைமேல் ஒரு வல்லூறு உட்கார்ந்திருக்கும். பியூலாவின் தாத்தா அதே பார்ல் பக்கம் இன்னொரு தோட்டத்தில் கூலியில் பாதியை ஒயினாக வாங்கி, அதிலேயே ஈரலைத் தொலைத்தவர். அதனால் அவள் அப்பா வீட்டு வாசலுக்குள் ஒரு பாட்டிலைக்கூட விட்டதில்லை. பியூலா நாற்பது வயதுக்கு மேல் அலுவலக விருந்துகளில்தான் குடிக்கப் பழகினாள். சிவப்பு எது வெள்ளை எது என்று தெரியும், அவ்வளவே.

"வரட்டும், சாப்பாடு போடறேன். குடிக்க என்னத்தக் குடுக்கறது? ஒயின் செய்யறவன் வீட்டுக்கு வர்றான், ஆரஞ்சு ஜூஸா ஊத்தி வெக்க முடியும்?"

"ஏதாவது ஒரு பாட்டில் வாங்கிக்கலாம் மம்மி."

"ஏதாவதா? அந்தாளு ஒரு வாய் குடிச்சிட்டு, மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு 'நல்லாருக்கு'ன்னு சொல்லுவான். அதைப் பாத்துக்கிட்டு நான் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

மறுநாளே தேட ஆரம்பித்தாள். சூப்பர் மார்க்கெட்டில் ஒயின் தட்டுகள் ஒரு தெரு நீளத்துக்கு இருந்தன, கேட்க ஆள் இல்லை. பில் போடும் பெண், "நான் குடிக்கமாட்டேன் ஆன்ட்டி, பாட்டில் அழகாயிருந்தா எடுத்துட்டுப் போங்க" என்றாள். கிளேர்மாண்டில் ஒரு கடை. அதன் சொந்தக்காரர் ஒவ்வொரு பாட்டிலையும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி, இதில் புகையிலை மணம் வரும், இதில் மழையில் நனைந்த கல்லின் ருசி வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். "நனைஞ்ச கல்ல நீங்க நக்கிப் பாத்திருக்கீங்களா?" என்று பியூலா கேட்டாள். அதோடு அங்கே பேச்சு முடிந்தது.

கடைசியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பெரிய வணிக வளாகத்துக்குள் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் ஒயின் கடைக்குப் போனாள். போகும்போதே ஒரு முடிவு பண்ணியிருந்தாள். ஸ்லாபர்ட்டின் சொந்த ஒயினையே வாங்கி வைத்துவிட்டால் அவரால் குறை சொல்ல முடியாதல்லவா? கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளன் 2009-ஆம் வருஷத்துக் கிளிப்ஃபால்க் இரண்டு பாட்டிலை மெல்லிய தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டினான். அசல் என்று ஒரு சான்றிதழும் கூடவே கொடுத்தான். விலையைக் கேட்டதும் பியூலா இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பில்லை மூன்று தடவை படித்தாள். சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். காகிதமெல்லாம் சரியாக இருந்தது. காகிதம் சரியாக இருந்தால் அவள் பணம் கொடுத்துவிடுவாள்.

ஆனாலும் ரயிலில் வரும்போது மனசு அரித்தது. விலையில் ஏமாற்றிவிட்டானோ? வேறு எங்காவது இதே பாட்டில் என்ன விலை என்று பார்த்துவிட்டால் தேவலை. வைன்பெர்க் நிலையத்தில் இறங்கி வழக்கமான வழியை விட்டு, டயர் கடைகள் இருக்கும் பின் தெருவில் நடந்தாள். அங்கேதான் அந்தக் கடை கண்ணில் பட்டது.

அது முன்பு இறைச்சிக் கடையாக இருந்த இடம். சுவரில் வெள்ளை ஓடுகள் அப்படியே இருந்தன. கூரையில் ஆடு தொங்கவிடும் கொக்கிகள்கூட இருந்தன. கதவில் கையால் எழுதிய 'ஒயின்' என்ற ஒரு சொல், கீழே திறக்கும் நேரம். உள்ளே அதிகம் போனால் இருநூறு பாட்டில் இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பேச்சிலேயே ஜிம்பாப்வேக்காரர் என்று தெரிந்தது. பெயர் இக்னேஷியஸ் மருஃபு.

"என்ன வேணும் மேடம்?"

"சும்மா பாக்கறேன்."

"பாருங்க. பாக்கறதுக்கு நான் காசு வாங்கறதில்ல."

சொல்லிவிட்டு மறுபடியும் செய்தித்தாளில் தலையை விட்டுக்கொண்டார். விழுந்தடித்து ஓடி வராத வியாபாரியைப் பார்த்ததும் பியூலாவுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. மேல் தட்டைப் பார்த்தாள். அங்கே தனியாக ஒரே ஒரு கிளிப்ஃபால்க். அதே 2009.

"அது என்ன விலை?"

"அது விற்பனைக்கு இல்ல."

"அப்புறம் எதுக்குத் தட்டுல வெச்சிருக்கீங்க?"

"நான் பாக்கறதுக்கு."

"நீங்க பாக்கறதுக்கு வீட்டுல வெச்சுக்கக் கூடாதா?"

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு மேடம் வாங்கறீங்க?"

ஸ்லாபர்ட் சாப்பிட வரப்போவதைச் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள்.

"ஸ்லாபர்ட்டா? உங்க வீட்டுக்கா?"

"ஏன், எங்க வீட்டுக்கு வரக்கூடாதா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. அவர் ஒயினையே அவருக்கு ஊத்திராதீங்கன்னு சொல்ல வந்தேன். வருஷம் பூரா அதத்தான் வாயில வெச்சு ருசி பாத்துப் பாத்துத் துப்பறார். உங்க வீட்டுக்கு வந்தும் அதே வேலையா? பாவம். என்ன சமைக்கறீங்க?"

"தக்காளி போட்டு ஆட்டுக்கறி பிரெடி. மஞ்சள் சோறு."

"தக்காளிக்குச் சர்க்கரை போடுவீங்களா?"

"ஒரு ஸ்பூன். அது உங்களுக்கு எதுக்கு?"

அவர் கீழ்த் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். சின்சோ என்ற திராட்சை, தண்ணீர் பாய்ச்சாத மேட்டில் குட்டையாக வளரும் பழைய கொடி. "நம்ம ஊர்ல இதை மட்டமா நெனைப்பாங்க. வேற ஒயினோட கலக்கத்தான் வெச்சுப்பாங்க. தனியா குடிச்சுப் பாருங்க. லேசாக் குளிர வெச்சு ஊத்துங்க."

விலை வணிக வளாகத்தில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கிக்கொண்டு வந்து அன்று சாயங்காலமே திறந்து ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தாள். நன்றாக இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் அனுபவத்தில், "முழுத் தொகையும் வேண்டாங்க, பாதி குடுத்தாப் போதும்" என்று சொன்னவன் ஒருவன்கூட யோக்கியனாக இருந்ததில்லை. விலை உயர்ந்ததை விற்கமாட்டேன் என்று சொல்லி மலிவானதை எடுத்துக் கொடுக்கிற வியாபாரிக்கு எங்கிருந்து லாபம் வருகிறது? எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு சின்சோ வாங்கும் சாக்கில் போனாள். அவள் இருக்கும்போதே உணவகத்தில் பரிமாறுகிறவர்கள் போடும் கறுப்புக் கால்சட்டையோடு ஒரு ஆள் வந்தான். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கண்ணாடி உரசும் சத்தம். இருவரும் தங்கள் பாஷையில் ஏதோ பேசினார்கள். இக்னேஷியஸ் கல்லாவைத் திறந்து அவனுக்குப் பணம் கொடுத்தார், பையைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். பியூலா இரண்டு எட்டு நகர்ந்து கழுத்தை நீட்டினாள்.

பின்னறையில் பெட்டி பெட்டியாகக் காலி பாட்டில்கள். அத்தனையிலும் வல்லூறு. மேசைமேல் ஒரு புனலும் கண்ணாடி ஜாடியும் இருந்தன.

இக்னேஷியஸ் திரும்பி அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். "உள்ள ஒரே குப்பை மேடம்."

"குப்பைக்கா காசு குடுத்து வாங்கறீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டதை பியூலா கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை போனாள். மேல் தட்டுப் பாட்டிலைக் காட்டி, "கையில எடுத்துப் பாக்கலாமா? அந்த மனுஷன் லேபிளப் பத்திப் பேசினா நானும் நாலு வார்த்தை பேசணுமில்ல" என்றாள். அவர் யோசித்தார். பிறகு ஏணி போட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் ஒயின் பாட்டில் கழுத்தில் ஒரு முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஒரு எண் இருக்கும், ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேறு வேறு எண். பியூலா லேபிளைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். கடைசி ஐந்து இலக்கம் 40718.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினாள். மூன்று பக்கம். பத்திகளுக்கு எண் போட்டு, தேதி, நேரம், பார்த்தது, கேட்டது எல்லாம். காலி பாட்டில்களை வாங்கி மட்டமான ஒயினை நிரப்பிப் பெரிய பெயரில் விற்கிற ஒரு ஆசாமி இந்த முகவரியில் இருப்பதாகத் தெரிகிறது என்று முடித்து, அடியில் தன் பெயரும் கையெழுத்தும் போட்டு, மது உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு அனுப்பினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தான் உபயோகமாக ஒரு வேலை செய்ததுபோல் அவளுக்கு இருந்தது. அன்று சமைக்கும்போது பாட்டுக்கூடப் பாடினாள் என்று டெனோவன் சொன்னான்.

விருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையில் ஆட்டுக்கறி வாங்கி வந்து வைத்துவிட்டு, வணிக வளாகத்துப் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்தாள். தாளைப் பிரித்தாள். பழக்கதோஷம், கழுத்தைத் திருப்பி எண்ணைப் படித்தாள். 40718. இரண்டாவது பாட்டிலைப் படித்தாள். அதுவும் 40718.

சான்றிதழை எடுத்து மறுபடி பார்த்தாள். அதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல தடித்த காகிதம்.

அப்போதும் அவள் புத்தி இக்னேஷியஸ் பக்கமே ஓடியது. அந்தக் கண்ணாடிக் கடைக்கும் இவர்தான் போட்டுக் கொடுக்கிறாரோ? இரண்டு பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். தென்கிழக்குக் காற்று அன்றைக்கு ஆளைத் தள்ளிற்று.

கடைக் கதவில் அரசாங்க முத்திரையோடு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இக்னேஷியஸ் வெளியே டயர் கடைக்காரரின் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு?" என்று கேட்டாள் பியூலா.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க மேடம். வியாழக்கிழமை வந்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க, அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. பின் ரூம்ல அறுபது காலி பாட்டில், தட்டுல ஒரு போலி. அவங்க எடத்துல நான் இருந்தாலும் பூட்டித்தான் இருப்பேன்."

"போலின்னு உங்களுக்கே தெரியுமா?"

"தெரியாமயா விக்கமாட்டேன்னு சொன்னேன்?"

பிறகு அவர் சொன்னது இது. போன வருஷம் கோட்டுப் போட்ட ஒரு மொத்த வியாபாரி காகிதமெல்லாம் கச்சிதமாகக் காட்டி ஆறு கிளிப்ஃபால்க் விற்றுவிட்டுப் போனான். அதில் ஐந்து விற்றாயிற்று. பெட்டிங்கர் என்று ஒரு வயதான டாக்டர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர், மிச்ச ஒயினோடு பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து, "இக்னேஷியஸ், இது அது இல்ல" என்றார். ஊற்றிப் பார்த்தால் உண்மைதான். ஐந்து பேரையும் தேடிப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆறாவதை மேல் தட்டில் வைத்துக்கொண்டார். "தினமும் அத பாத்தாத்தான் அடுத்த தடவ முட்டாளாகமாட்டேன்."

"அந்தக் காலி பாட்டிலெல்லாம்?"

"அவன் உணவகத்துல பரிமாறறவங்ககிட்ட காலி பாட்டில் வாங்கறான்னு கேள்விப்பட்டேன். அதுல பாதிப் பேர் எங்க ஊர்ப் பசங்க. அவன் குடுக்கறதுக்கு மேல பத்து ராண்ட் சேத்துத் தர்றேன், என்கிட்ட குடுங்கடான்னு சொல்லிட்டேன். வாங்கி வெச்சுத் திங்கக்கிழமை திங்கக்கிழமை சாக்குல போட்டு ஒடைச்சிருவேன். பாட்டில் கெடைக்கலன்னா எதுல ஊத்துவான்?"

"புனலும் ஜாடியும்?"

"பழைய ஒயின் அடியில மண்டி நிக்கும், அத வடிகட்ட வேணாமா? ஒயின் கடையில புனல் இல்லாம பின்ன என்ன இருக்கும், சுத்தியலா?" என்றவர், சற்று யோசித்து, "சுத்தியலும் இருக்கு" என்றார்.

"போலீசுக்குப் போயிருக்கலாமில்ல?"

இக்னேஷியஸ் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "போயி? ஜிம்பாப்வேக்காரன், கையில போலி ஒயின். முதல் கேள்வி யாரக் கேப்பாங்க? கிளாஸ் கழுவற வேலையிலேருந்து ஆரம்பிச்சு இந்த உரிமம் வாங்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு ஆன்ட்டி."

முதன்முறையாக மேடம் என்பதை விட்டு ஆன்ட்டி என்றார். அப்படியும் அவள் முழுசாக நம்பிவிடவில்லை. தெருமுனை வரை போய், டாக்டர் பெட்டிங்கரின் போன் எண்ணைத் தேடிப் பிடித்து, காற்றுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். "ஆமா, என் பணத்தத் திருப்பிக் குடுத்தான். நான் வேண்டாம்னேன், அந்த மடையன் கேக்கல. ஏன், அவனுக்கு என்ன?" என்றார் டாக்டர். அவள் போனை வைத்தாள். திரும்பி அவரிடம் போக அவளுக்குக் கால் வரவில்லை. வேறு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்லாபர்ட் வந்தார். தடித்த கைகள், வெயிலில் சிவந்த கழுத்து, கூச்ச சுபாவம். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கொஞ்சம் நன்றாக உடுத்திய விவசாயிபோல் இருந்தார். பியூலா பிரெடிக் குழம்பைப் பரிமாறினாள், குளிர வைத்த சின்சோவை ஊற்றினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். முகத்தை ஒரு மாதிரியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

"இது எங்க கெடச்சுது மிஸஸ் ஜெப்தா?"

"சொல்றேன். முதல்ல இதப் பாருங்க."

வல்லூறு பாட்டில் இரண்டையும் மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள். டெனோவன், "மம்மி, இத ஏன்?" என்றான். ஸ்லாபர்ட் பாட்டிலின் கழுத்தைத் திருப்பினார். எண்ணைப் படித்தவர் அடுத்ததைத் திருப்பவே இல்லை. அதை பியூலா பார்த்துவிட்டாள். முதல் தடவையாகப் பார்க்கிறவன் இரண்டாவதையும் திருப்பிப் பார்ப்பான்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்" என்றாள்.

கார்லியன் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா?"

"எட்டு மாசமா" என்றார் அவர். "வெளிநாட்டுல ஒரு பெரிய ஆளு மொத்தமா வாங்கறதாப் பேசிட்டிருக்கான். கையெழுத்து ஆகற வரைக்கும் விஷயம் வெளிய வரக்கூடாது. போலி இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா அசலையும் எவனும் தொடமாட்டான்."

"உங்க பேரக் காப்பாத்தறதுக்கு இந்தத் தெருவுக்குப் பின்னால ஒருத்தர் சொந்தக் காசப் போட்டுக் காலி பாட்டில் வாங்கி ஒடைச்சிட்டு இருக்கார். உங்களுக்கு அவர் யாருன்னே தெரியாது. இப்ப அவர் கடைய இழுத்துப் பூட்டிட்டாங்க. நாளைக்கு நீங்க வந்து, போலி இருக்கு, எனக்குத் தெரியும், அத செய்யறது இவர் இல்லன்னு சொல்லணும்."

"யார் அவர் மேல புகார் குடுத்தது?"

பியூலா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான்."

டெனோவன் மெதுவாகக் கேட்டான். "அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மம்மி, எழுதறதுக்கு முன்னாடி?"

"இல்ல. கண்ணாடிக் கடைக்காரன்கிட்டயும் கேக்கல. அவன் ரிப்பன் கட்டினான், நான் வாங்கிட்டு வந்துட்டேன். இவர் கதவச் சாத்தினார், நான் கடுதாசி எழுதிட்டேன்." அவள் பாட்டில் இரண்டையும் ஓரமாக நகர்த்தினாள். "இருபத்தொன்பது வருஷம் இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க, தெரியுமா?"

ஸ்லாபர்ட் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வாசல் வரை போன பிறகு கார்லியன் அவரிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பியூலாவுக்குக் கேட்கவில்லை. சன்னலோரம் நின்று பார்த்தாள். அவர் காரில் ஏறாமல் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஸ்லாபர்ட் வருவாரா என்ற சந்தேகத்தோடுதான் பியூலா திங்கட்கிழமை மது உரிம அலுவலகத்துக்குப் போனாள். எட்டரைக்கே வந்து, கையில் தன் தோட்டத்து முத்திரை எண்கள் பதிந்த ஏட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பியூலா இன்னொரு கடிதம் கொண்டுபோயிருந்தாள், இது ஐந்து பக்கம். டாக்டர் பெட்டிங்கரும் வந்து சத்தம் போட்டார். பின்னறையில் இருந்த உடைந்த கண்ணாடிச் சாக்குகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். பூட்டி ஒன்பது நாள் கழித்துக் கடை திறந்தது. கண்ணாடிக் கடை தானும் அதே கோட்டுக்காரனிடம் ஏமாந்ததாகச் சொல்லிப் பாட்டில்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதை நம்புவதா என்று பியூலா இன்னும் முடிவு பண்ணவில்லை. கோட்டுக்காரன் அகப்படவில்லை. ஸ்லாபர்ட்டின் வெளிநாட்டு வியாபாரம் இரண்டு மாதம் தள்ளிப்போய், விலையும் குறைந்துதான் முடிந்தது. அதைப் பற்றி அவர் பியூலாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடை திறந்த அன்று பியூலா போனாள். பாதித் தட்டுகள் காலியாக இருந்தன. வழக்கமாக வருகிறவர்களில் சிலர் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார்களாம்.

"அந்தக் கடுதாசி எழுதினது நான்தான்" என்றாள்.

"தெரியும்."

"அவங்க சொன்னாங்களா?"

"படிச்சுக் காட்டினாங்க, பேர மட்டும் மறைச்சு. மூணு பக்கம், பத்திக்குப் பத்தி நம்பர். செவ்வாய்க்கிழமை பதினொண்ணு இருபதுக்குக் கழுத்த நீட்டிப் பாத்தேன்னு வேற. வேற யாரு எழுதுவா?"

"அப்ப சனிக்கிழமை நாற்காலில உக்காந்திருந்தப்பவே..."

"அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் எல்லாத்தையும் எதுக்கு என்கிட்ட சொன்னீங்க?"

இக்னேஷியஸ் ஒரு பாட்டிலைத் துடைத்தபடியே சொன்னார். "இந்தக் கடை திறந்ததுலேருந்து என்மேல நாலு தடவ எழுதிப் போட்டிருக்காங்க. எல்லாம் மொட்டைக் கடுதாசி. கையெழுத்துன்னு ஒண்ணு போட்டது நீங்க ஒருத்தர்தான். கையெழுத்துப் போடறவங்க வந்து கேப்பாங்கன்னு நெனச்சேன். வந்தீங்க." பாட்டிலைத் தட்டில் வைத்தார். "அதுக்காக எனக்குக் கோவமில்லன்னு நெனச்சிராதீங்க."

"இல்ல."

"ஒன்பது நாள் ஆன்ட்டி. ஊருக்கே திரும்பிரலாம்னு என் பொண்டாட்டி துணியெல்லாம் மூட்டை கட்டிட்டா."

அவள் ஒரு பாட்டில் கேட்டாள். கேட்டதை எடுத்துக் கொடுத்தார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு சனிக்கிழமைதோறும் போனாள். கேட்டது கிடைக்கும், பேச்சு கிடைக்காது. தேவாலயத்தில், தையல் வகுப்பில், மூட்டு வலி மருத்துவரின் வரவேற்பறையில்கூட அந்தக் கடையைப் பற்றிச் சொன்னாள். ஆட்களை அனுப்பினாள். தான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

செப்டம்பர் மாதம் ஒரு புதன்கிழமை மதியம் அவளுக்கு ஒரு போன் வந்தது.

"ஆன்ட்டி, இக்னேஷியஸ் பேசறேன். நாலு மணிக்கு ஒரு புது மொத்த வியாபாரி வர்றான். காகிதமெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. ரொம்பச் சிரிக்கறான். ஒரு மணி நேரம் வந்து உக்கார முடியுமா?"

"நான் வந்து என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும் பாக்கற மாதிரி அவனப் பாத்தாப் போதும்."

பியூலா வேலைக்குப் போன காலத்து நீலக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தாள். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இக்னேஷியஸ் அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார். வெளியே முன் கண்ணாடியில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. இறங்கியவன் அங்கிருந்தே இரண்டு பேரையும் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வண்டி வாடகை வண்டி" என்றாள் பியூலா, உதட்டை அசைக்காமல்.

"பாத்தேன்" என்றார் இக்னேஷியஸ். கதவைத் திறந்துவிட எழுந்து போனார்.